நீலகிரியில் உட்கார்ந்து ஒர்க்ஸ்டேஷன் வாங்குவது எப்படி: விளம்பரத்தை நம்பி 58,000 விட்டவன் எழுதுவது

கோத்தகிரியில் வீட்டு பிளானும் 3டி எலிவேஷனும் (வீட்டின் வெளித்தோற்றப் படம்) போட்டுக் கொடுப்பது என் தொழில். 2023-ல் "28 கோர் ஒர்க்ஸ்டேஷன்" என்று ஒரு விளம்பரம் பார்த்து 58,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒர்க்ஸ்டேஷன் என்றால் கனமான தொழில் வேலைக்கான கம்ப்யூட்டர். கீழே சமவெளியில் இருந்து டாக்ஸி பிடித்து ஏற்றி வந்து, மாட்டி, 3டி மாடல் போடும் ஸ்கெட்ச்அப்பைத் திறந்தால் என் பழைய லேப்டாப்பைவிட மெதுவாக அசைந்தது. உள்ளே என்ன பிராசசர் என்று காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்த பிராசசர். கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) 14தான், த்ரெட் (ஒரு கோர் இரண்டு வேலையைக் கையாள்வதால் இரட்டிப்பாகத் தெரியும் எண்ணிக்கை) 28. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. விற்றவருக்கு போன் போட்டால், "டாஸ்க் மேனேஜர்ல 28 கட்டம் காட்டுதா இல்லையா சார்?" என்றார். காட்டியது. அதற்கு மேல் என்ன பேசுவது?

அடுத்த சிஸ்டத்தை மூன்று வாரம் எடுத்து, ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்து வாங்கினேன். அந்த வரிசையைத்தான் இங்கே கொடுக்கிறேன். குன்னூர், ஊட்டி, கூடலூர் யாருக்கும் இது பொருந்தும். கொடைக்கானல்காரர்கள் ஊர்ப் பெயரையும் பின்கோடையும் மட்டும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் வேலையை அளங்கள் (மூன்று நாள், செலவு இல்லை)

கடைக்குப் போகும் முன் இப்போது இருக்கும் சிஸ்டத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எங்கே காத்திருக்கிறீர்களோ, அந்த நேரத்தில் எது முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். பிராசசர் மொத்தமாக 10% காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் மவுஸைப் பிடித்தபடி காத்திருந்தால், வேலை முழுவதும் ஒரே கோரில் நடக்கிறது என்று அர்த்தம். ஸ்கெட்ச்அப்பில் மாடல் திருப்புவது, ஆட்டோகேடில் வரைவது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இதற்கு 28 கோர் வாங்குவது, ஒருவர் மட்டும் போக முழு பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது போல. மாறாக, பிராசசரை வைத்து ரெண்டர் போடும்போது (மாடலை நிஜப் படம் போல ஆக்கும்போது) எல்லாக் கட்டமும் நிரம்பும். அங்கே கோர் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு.

கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் 'டெடிகேட்டட்' மெமரி (கார்டின் சொந்த மெமரி) எவ்வளவு நிரம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலிலேயே பெரிய ஃபைலைத் திறந்து பாருங்கள். எனக்கு ஒரு ரிசார்ட் வேலை 9 ஜிபிக்கு மேல் கேட்டது. அந்த ஒரு எண் தெரிந்திருந்ததால்தான் 8 ஜிபி கார்டுகளை எல்லாம் பேச்சே இல்லாமல் ஒதுக்க முடிந்தது.

2. விளம்பரத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் படியுங்கள்

ஆஃபர் முடிந்ததும் பக்கம் மாறிவிடும். தேதி தெரியும்படி, மேலிருந்து கடைசி வரை, நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளது உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.

இனி படிப்பது. ஆடித் தள்ளுபடியில் "50% வரை" என்று துணிக்கடை வாசலில் தொங்குமே, உள்ளே போனால் ஒரே ஒரு ஸ்டாண்டில் மட்டும் 50% இருக்குமே, கம்ப்யூட்டர் விளம்பரத்தில் வரும் "வரை"யும் அதே சாதிதான். "5.4 கிகாஹெர்ட்ஸ் வரை" என்றால் ஒன்றிரண்டு கோர், சில விநாடிகள், சூடு அனுமதித்தால். ஒரு மணி நேர ரெண்டரில் அது எவ்வளவில் நிற்கும் என்று விளம்பரம் சொல்லாது. "64 ஜிபி ரேம் வரை" என்றால் நீங்கள் வாங்கும் மாடலில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வந்திருக்கலாம், பின்னால் ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. "வரை" எங்கே வந்தாலும் பேனாவால் வட்டம் போட்டு, "குறைந்தபட்சம் எவ்வளவு?" என்று பக்கத்தில் எழுதுங்கள். அதுதான் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கிராபிக்ஸ் கார்டில்தான் பெரிய ஓட்டை. டெஸ்க்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 5070-ல் 12 ஜிபி மெமரி. லேப்டாப்பில் அதே பெயரில் வருவதில் 8 ஜிபி. 5090 என்றால் டெஸ்க்டாப்பில் 32, லேப்டாப்பில் 24. சிப்பே வேறு, பெயர் மட்டும் ஒன்று. டெஸ்க்டாப்பிலும் நிம்மதி இல்லை: 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கல், வாட். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எதிலும் ஓட்டிக்கொள்ள லேப்டாப் கம்பெனிக்கு அனுமதி உண்டு. மெல்லிசான அழகு லேப்டாப்பில் அது கீழ்ப்பக்கம்தான் இருக்கும். ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல.

"மொத்த கிராபிக்ஸ் மெமரி 24 ஜிபி" என்று ஒரு விளம்பரம் பார்த்து ஒரு நண்பர் குதித்தார். கணக்கு இதுதான்: கார்டில் 8 ஜிபி, சிஸ்டத்தில் இருக்கும் 32 ஜிபி ரேமில் பாதியான 16 ஜிபியை விண்டோஸ் 'பகிர்வு' என்று காட்டுகிறது, இரண்டையும் கூட்டி 24. ரெண்டர் 8-ஐத் தாண்டியதும் நொண்ட ஆரம்பிக்கும்.

"மூன்று மடங்கு வேகம்" என்று வந்தால் எதைவிட என்று நட்சத்திரக் குறியைத் தேடுங்கள். பெரும்பாலும் நாலைந்து வருடம் முந்தைய மாடலோடு, அவர்களுக்கு வாகான ஒரே ஒரு சோதனையில் ஒப்பிட்டிருப்பார்கள். "ஏஐ பிசி" என்பதும் இப்போது எல்லா ஸ்டிக்கரிலும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு 40 டாப்ஸ் (விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள என்பியு என்ற ஏஐ வேலைக்கான சிப் பகுதி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் வேண்டும். அந்த என்பியு உங்கள் எலிவேஷன் ரெண்டரில் கை வைக்காது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்டியில் "7,000 எம்பி" என்பது பெரிய ஃபைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அன்றாட வேலையில் அதில் பாதி வேகமுள்ள எஸ்எஸ்டிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

கடைசியாக "ஒர்க்ஸ்டேஷன்" என்ற சொல். இதற்குச் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். உண்மையான ஒர்க்ஸ்டேஷனில் பிழை திருத்தும் இசிசி ரேம் போட வழி இருக்கும், தொழில்முறை கிராபிக்ஸ் கார்டு இருக்கும், ஆட்டோடெஸ்க் போன்ற மென்பொருள் கம்பெனியின் சான்றிதழ் இருக்கும். சான்றிதழ் இருக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மென்பொருள் கம்பெனியின் தளத்தில் கார்டு பெயரும் டிரைவர் பதிப்பும் போட்டுத் தேடினால் தெரியும். என்னைக் கேட்டால், வீட்டு பிளான் போடுகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. நல்ல கேமிங் சிஸ்டம் போதும். ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயருக்குக் கூடுதல் காசு கொடுப்பதுதான் வீண்.

3. கொட்டேஷன் எழுத்தில் (ஒரு வாரம்)

மூன்று இடத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே பட்டியலை அனுப்பினால் போதும். "ரைஸன் 7, 32 ஜிபி, 1 டிபி, பிராண்டட் எஸ்எம்பிஎஸ்" என்று பதில் வந்தால் அது கொட்டேஷன் இல்லை, வாய்ப்பேச்சு. கேட்க வேண்டியவை:

- பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றுக்கும் முழு மாடல் எண்
- ரேம் ஒற்றைக் குச்சியா, ஜோடியா. இன்னும் எத்தனை ஸ்லாட் காலி
- எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எந்த கம்பெனி, எத்தனை வாட், 80 பிளஸில் (கரண்டை வீணாக்காத திறனுக்கான சான்று) எந்தத் தரம்
- லேப்டாப் என்றால் கார்டு எத்தனை வாட்டில் ஓடும்
- விண்டோஸ் லைசென்ஸ் பில்லில் வருமா

கடைசிக் கேள்விக்கு "விண்டோஸ் ப்ரோ ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்" என்று பதில் வந்தால் லைசென்ஸ் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்தே மற்றக் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். பழைய சிஸ்டத்தைப் புதுப்பித்து விற்பவர்களிடம் பிராசசர் எந்த வருடத்தியது, விண்டோஸ் 11 ஆதரவு உண்டா என்பதை எழுதி வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

4. உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா?

மலையில் இருப்பவருக்கு இதுதான் முக்கியமான படி. கிகாஹெர்ட்ஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

"அடுத்த வேலை நாளில் உங்கள் இடத்துக்கே வந்து சர்வீஸ்" என்று விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். பொடி எழுத்தில் "தேர்ந்தெடுத்த இடங்களில்" என்று இருக்கும். 643 என்று தொடங்கும் நம் பின்கோடுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதை கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், போனில் கேட்டால் "ஆமா சார், வரும்" என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி: அடுத்த நாள் என்பது எப்போதிலிருந்து? பெரும்பாலும் நீங்கள் புகார் சொன்ன நேரத்தில் இருந்து இல்லை. அவர்கள் போனில் சோதித்து, உதிரிபாகத்தை அனுப்ப முடிவு செய்த பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கும்.

தெரிந்த ஒருவருடைய லேப்டாப்பில் போர்டு போனது. ஆன்சைட் வாரண்டி இருந்தது. இன்ஜினியர் போனில், "மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டு வந்துடுங்க சார், அங்க வெச்சு மாத்திடலாம்" என்றார். அதற்கும் அவர் போனார், பாகம் வரவில்லை என்று திரும்பினார். ஒரு நாள் வேலை, பஸ் செலவு, அலைச்சல் எல்லாம் வாரண்டிக்குள் வராதவை.

கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. கெட்டுப்போனதை மட்டும் கழற்றி கூரியரில் அனுப்பலாம், மீதி வீட்டில் இருக்கும். மலையில் இருப்பவருக்கு இது பெரிய வசதி, நான் இரண்டாம் முறை டெஸ்க்டாப் பக்கம் போனதற்கு இதுவே காரணம். ஆனால் கூரியர் செலவு யாருடையது, திரும்பி வர எத்தனை நாள் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

5. பணமும் பில்லும்

கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18%. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள். 1,18,000 ரூபாய் பில்லில் 18,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்ப்பது ஆன்லைனில் அநேகமாக நடக்காது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது.

பில்லில் ஒவ்வொரு பாகமும் சீரியல் எண்ணோடு வர வேண்டும். "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1" என்று ஒரே வரியில் போட்ட பில்லை வாங்காதீர்கள். அதை வைத்து எந்த கம்பெனியிடமும் வாரண்டி கேட்க முடியாது.

"வட்டியில்லா இஎம்ஐ" என்பதும் விளம்பரச் சொல்தான். வட்டித் தொகையைத் தள்ளுபடி என்று கழித்துக் காட்டிவிட்டு, அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டியையும் பிராசசிங் கட்டணத்தையும் கார்டில் போடுவார்கள். சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

6. மேலே ஏற்றுவதும் கரண்டும்

டெஸ்க்டாப்பை ஏற்றும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். கனமான கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடை வண்டியே வருகிறது என்றால் ஈ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள், 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது தேவை. பின்னால் எப்போதாவது சர்வீஸுக்குக் குளிர்ந்த சிஸ்டத்தைக் கீழே கொண்டுபோனால், போனவுடன் ஆன் செய்ய விடாதீர்கள். கீழே காற்று சூடும் ஈரமும், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

யுபிஎஸ் இல்லாமல் இங்கே எதையும் மாட்ட வேண்டாம். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆடிக் காற்றில், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில், ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கரண்ட் கம்பி மேல் சாய்ந்தால் அன்றைய ரெண்டர் அவ்வளவுதான். யுபிஎஸ் விளம்பரத்திலும் ஒரு கண்கட்டு உண்டு. பெட்டியில் பெரிதாக இருப்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), உங்களுக்கு வேண்டியது வாட். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1100 விஏ என்றால் 660 வாட். என் சிஸ்டமும் மானிட்டரும் ரெண்டரில் 450 வாட் இழுக்கின்றன, 600 விஏ மாட்டியிருந்தால் கரண்ட் போன அதே நொடியில் இதுவும் போயிருக்கும். "30 நிமிட பேக்கப்" என்பது ஒற்றை சிஸ்டம் சும்மா நிற்கும்போது. அதோடு, நல்ல எஸ்எம்பிஎஸ் சில சமயம் மலிவு யுபிஎஸ்ஸின் சதுர அலைக் கரண்டை ஏற்காமல் அணைந்துவிடும். சைன் வேவ் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். இந்தச் செலவை முதலிலேயே பட்ஜெட்டில் ஒதுக்கிவிடுங்கள்.

குளிர்ச்சி விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் லாபம், கொஞ்சம் நஷ்டம். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே ஃபேன் தள்ளும் காற்று குறைவாகத்தான் சூட்டை எடுக்கும். ஆனால் அறையே 18 டிகிரியில் இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. லிக்விட் கூலர் வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். எனக்கு இதுவரை சாதாரண ஏர் கூலரே போதுமாக இருக்கிறது.

7. முதல் வாரம்: சோதனை

ஆன்லைனில் திரும்பக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள். அதுவும் பணம் திரும்பாது, மாற்றித் தருவது மட்டும் என்று இருக்கலாம். ஆகவே வந்த அன்றே ஆரம்பியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், லேபிள் தெரியட்டும். சீரியல் எண்ணை கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் ஆரம்பித்திருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் அது புதுசு இல்லை, அல்லது வருடக் கணக்கில் கடையில் கிடந்தது.

சிபியு-இசட், ஜிபியு-இசட் இரண்டும் இலவசம். பில்லில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றே சொல்லும். அப்புறம் சினிபெஞ்ச் மல்டி-கோர் சோதனையை மூன்று முறை தொடர்ந்து ஓட்டுங்கள், ஒரு ஓட்டம் 10 நிமிடம். மூன்றாவது மதிப்பெண் முதலாவதைவிட நன்றாக இறங்கியிருந்தால் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசியில் படி 1-ல் அளந்த உங்கள் சொந்த ஃபைல். எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்.

8. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால்

முதலில் விற்றவருக்கு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நமக்கு ஊட்டி போதும், கீழே இறங்க வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். 2022-ல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலின்படி, நட்சத்திரக் குறி விளக்கம் மேலே சொன்ன வாக்குறுதிக்கு முரணாக இருக்கக் கூடாது, வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் விளக்கமும் இருக்க வேண்டும். தமிழில் "28 கோர்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே ஆங்கிலத்தில் பொடியாக நழுவினால் அதையே புகாரில் எழுதலாம். இன்னொன்று, எதிர்த்தரப்பு "இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை" என்று வாதாடும், பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் இன்னும் வசதியாக. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நீங்களே உட்கார்ந்து செய்கிற தொழில் என்பதைப் புகாரின் முதல் பத்தியில் எழுதிவிடுங்கள்.

சேர்க்க வேண்டியவை: விளம்பர ஸ்கிரீன்ஷாட், கொட்டேஷன், பில், பிரித்த வீடியோ, சோதனை முடிவுகள், மின்னஞ்சல்கள். கெடு இரண்டு வருடம். நான் இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டபோது என் கெடுவில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. பில் இருந்தது, சிபியு-இசட் படமும் இருந்தது. அந்த விளம்பரம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.